நைங் தூ கொடுத்த மூன்றாவது சீட்டு

1

ஒரு காகிதச் சீட்டுதான் இந்தக் கதைக்குக் காரணம். தாய்லாந்தின் மஹாச்சாய் துறைமுகத்தில் ஒளிந்து வாழும் எங்கள் பர்மியச் சனங்களில் எத்தனை பேருக்கு எச்.ஐ.வி. என்று கணக்கெடுக்கிறோம். தேடிப் போனால் ஓடிவிடுவார்கள். அதனால், வருகிறவரிடம் மூன்று சீட்டு கொடுப்போம். அவர் தனக்குத் தெரிந்த மூவரிடம் அதைக் கொடுத்து அனுப்புவார். ரத்தம் எடுப்பவள் நான்.

முதல் வரியை ‘அன்று மழை விடாமல்…’ என்று தொடங்கி அடித்துவிட்டேன். (பொய். நல்ல வெயில்.)

2

இறால் உரிக்கும் தின்சா வந்தாள். மூன்று மாதக் கர்ப்பம். சீட்டு எண்ணைப் பதிவேட்டில் பார்த்தேன். கொடுத்தவர்: நைங் தூ.

“இது எப்போ கெடச்சுது?”

“காலையிலதான்க்கா. என் வீட்டுக்காரரு குடுத்தாரு. ஏன், செல்லாதா? கள்ள நோட்டப் பாக்குற மாதிரி பாக்குறீங்க!”

எங்களிடம் மூன்று சீட்டு வாங்கிப்போன படகுத் தொழிலாளி நைங் தூ கடலில் விழுந்து எட்டு மாதம்; மற்ற இரண்டு சீட்டும் அப்போதே வந்துவிட்டன. உடல் கிடைக்கவில்லை. ஏழாம் நாள் பிக்குகளை வைத்து, இனித் திரும்பாதே என்று பேர் சொல்லி வழியனுப்பியவர்களில் நானும் ஒருத்தி.

“எத்தன நாள் பழக்கம்?”

“நாலு மாசம். நல்ல மனுசன். என்ன, தொட்டா சில்லுன்னு இருப்பாரு. படகுல ஐஸ் ரூம் வேலையாச்சே!”

3

விளக்கம் இருக்கிறது. இங்கே வேலை அட்டையைப் படகு முதலாளிதான் வைத்திருப்பார்; செத்தவனுடையது வீணாவதில்லை. அட்டை இல்லாத வேறொருவன் அந்தப் பேரில் படகேறுவான். அட்டை உறையில் சீட்டும் இருந்திருக்கும்.

(கதையை இங்கேயே முடித்திருப்பேன். ஆனால் நாங்கள் போகச் சொன்ன பேரைப் படகில் தினமும் கூப்பிடுகிறார்கள். யாரோ “இருக்கேன்” என்கிறார்கள். அப்படிக் கூப்பிட்டால் போனவர்…)

4

படிவம் கேட்கிறது: சீட்டு கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா? ‘இல்லை’ என்றால் சீட்டு ரத்து. தின்சாவைத் திருப்பி அனுப்பவேண்டும். வேறெங்கு போனாலும் அட்டை கேட்பார்கள், அவளிடம் இல்லை. நோய் இருந்தால், இப்போதே மாத்திரை தொடங்கினால்தான் பிள்ளை தப்பும்.

‘ஆம்’ என்று எழுதினேன். ஊசியை ஏற்றினேன்.

“அவரும் கீழதான் நிக்கிறாருக்கா.”

“மேல வரச் சொல்றதுதானே?”

“சொன்னேன். ‘அக்கா எழுதட்டும், அப்புறம் ஏறி வரேன்’னாரு.”

5

படிகளில் ஈரக் கால் சத்தம். இரண்டு முடிவு யோசித்தேன். கதவைத் திறந்தால் அட்டை வாங்கிய எவனோ ஒரு அப்பாவி நிற்பது ஒன்று. மற்றது…

‘ஆம்’ என்பதை அடித்துவிடலாம். அடித்தால் பாதி நிறைந்த இந்தக் குழாயையும் கொட்ட வேண்டும். ஊசியை விட்டு என்னால் எழ முடியாது. பேனா, இதைப் படிக்கும் உங்கள் பக்கம்தான் கிடக்கிறது.

கதவைத் தட்டுகிறார்.