வள்ளிமயில் எங்கே போகிறாள்

1

முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இந்தக் கதை பெண்கள் மேல் உள்ள அக்கறையில் பிறந்ததல்ல. மகளிர் தின மலர் ஒன்றுக்குக் கதை கேட்டு போன் வந்தது. பெண்கள் எழுதிய கதைகள் வேண்டிய மட்டும் வந்துவிட்டனவாம், பேலன்ஸுக்கு ஓர் ஆண் தேவையாம். கோவில்பட்டியில் பெயிண்டுக் கடை வைத்திருக்கும் செல்லத்துரை அந்த ஆணாக இருக்க உடனே ஒப்புக்கொண்டார்.

"பெண் விடுதலை பற்றி ஏதாவது" என்றார்கள். செல்லத்துரை கல்லாவில் இருந்தபடியே வெளியே எட்டிப் பார்த்தார். விடுதலை என்று சொல்லும்படி எதுவும் கண்ணில் படவில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு பள்ளிக்கூடப் பெண் சைக்கிளில் போனாள். சரி, சைக்கிள் என்று முடிவு செய்தார். இந்தக் கதையின் ஜாதகம் இவ்வளவுதான்.

(இதை எழுதுகிறவரும் அதே செல்லத்துரைதான். அப்புறம் எதற்கு 'அவர்' என்று கேட்பீர்கள். 'நான்' என்று எழுதினால் அசடு வழிகிற இடத்திலெல்லாம் நானே வழிய வேண்டியிருக்கும். 'அவர்' என்றால் யாரோ ஒருத்தர் வழிகிறார், நாம் வேடிக்கை பார்க்கலாம். 'நான்' இத்தோடு சரி.)

2

தொடக்கம், முதல் தடவை:

'கரிசல் காட்டை வகிர்ந்துகொண்டு ஓடும் பசுவந்தனை ரோட்டில், கூண்டு திறந்த பறவையாக வள்ளிமயில்

இத்தோடு விட்டாயிற்று. செல்லத்துரையின் கதைகளில் இதுவரை பறவையாகாத பெண் கிடையாது. ஆண்கள் யாரும் ஆனதில்லை. அவர்கள் பஸ்ஸில் போய்விடுவார்கள்.

இரண்டாம் தடவை:

'வள்ளிமயிலின் மாமியாருக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. டவுன் பஸ்ஸும் போய்விட்டது. வாசலில் மகளின் சைக்கிள் நின்றது. வேறு வழியில்லாமல் வள்ளிமயில்

இது அவருக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று. ஆபத்து இருக்கிறது, தியாகம் இருக்கிறது, மாமியாரும் இருக்கிறாள். வீட்டுக்கு எடுத்துப் போய் மனைவி சுந்தரேஸ்வரிக்கு வாசித்துக் காட்டினார். எந்தக் கதையை வாசித்தாலும் "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்ப்பாள். அன்றைக்கு அடுப்பைப் பார்க்கவில்லை.

"அவ எங்க போறா?"

"மருந்து வாங்கத்தான்."

"மருந்து வாங்கலன்னா போமாட்டாளோ? சும்மா போனா என்ன?"

"அதெப்படி ஏட்டி? ஒரு காரணம் வேணும்லா."

"முன்ன ஒரு கதை எழுதுனியளே. அதுல ஒருத்தன் சைக்கிள எடுத்துக்கிட்டு கம்மாக்கரையவே சுத்திக்கிட்டுக் கெடந்தான். அவன் யாருக்கு மருந்து வாங்கப் போனான்?"

"அவன் யோசிச்சுக்கிட்டுப் போனான். அது வேற மாதிரிக் கதை."

"இவளும் யோசிச்சுக்கிட்டுப் போவட்டும்" என்று சொல்லிவிட்டு தோசையைத் திருப்பிப் போட்டாள்.

(அந்தப் பழைய கதையை எடுத்துப் பார்த்தார். ஆள் முதல் பக்கத்தில் கிளம்புகிறான், கடைசிப் பக்கத்தில் திரும்பி வருகிறான். நடுவில் ஒரு வேலையும் பார்க்கவில்லை. 'வாழ்வின் தீராத தேடல்' என்று யாரோ மதிப்புரை எழுதியிருந்தார்கள். வள்ளிமயில் அப்படிச் சுற்றினால் 'வீட்டில் சோறு பொங்கியாச்சா' என்றுதான் எழுதுவார்கள்.)

3

கதை இங்கே கொஞ்சம் நிற்கட்டும். செல்லத்துரை வீட்டில் இருக்கும் இரண்டு சைக்கிள்களைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

ஒன்று அவருடையது. சர்க்கரை ஏறிவிட்டது என்று டாக்டர் எச்சரித்ததும் வாங்கிய கியர் சைக்கிள். அதில் அரைக்கால் டவுசரோடு அவர் கிளம்பிய முதல் நாள், பசுவந்தனை ரோட்டில் டீக்கடை வைத்திருக்கும் ஜெயபாண்டி, "அண்ணாச்சி, காலேஜுப் பையன் கணக்கா இருக்கீய" என்றார். டீக்கடைப் பெஞ்சில் தினமும் உட்காரும் ஆட்கள் சைக்கிளைத் தடவிப் பார்த்தார்கள். எங்கே போகிறீர்கள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. ஒருநாள் ரயில்வே கேட் பக்கம் ஷூ நாடா செயினில் மாட்டிக் கவிழ்ந்தார். ஹார்லிக்ஸ் பாட்டிலோடு ஆட்கள் வீடு தேடி வந்தார்கள். முட்டியில் கட்டுப்போட்டுக்கொண்டு மறுபடி மிதித்தபோது, மனுசனுக்கு என்ன வைராக்கியம் என்றார்கள்.

இன்னொன்று மகள் பானுவுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த அரசாங்க சைக்கிள். பானு கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனதும் மாடிப்படிக்கு அடியில் தூசி படிந்து கிடந்தது. கொஞ்ச நாளாக அதைத் துடைத்து, காற்றடித்து, காலையில் சுந்தரேஸ்வரி எடுத்துக்கொண்டு போகிறாள். எங்கே என்று சொல்வதில்லை. வெயில் ஏறும் முன்னால் திரும்பி வருவாள். முன்கூடையில் ஒன்றும் இருக்காது. ஒரு கீரைக்கட்டு இருந்திருந்தால்கூடச் செல்லத்துரைக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பெஞ்சு இதற்கும் கருத்துச் சொன்னது. சேலை சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும் என்றது. இந்த வயசில் இது எதுக்கு என்றது. பெயிண்டுக் கடை இவ்வளவு ஓடுது, வீட்டம்மாவுக்கு ஒரு ஸ்கூட்டி வாங்கிக் கொடுக்க மனசு வரலையே என்றது. அவர் மிதித்தால் உடம்புக்கு நல்லது, அவள் மிதித்தால் புருஷன் கஞ்சன்.

அந்த டீக்கடைக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பஞ்சாயத்தும் போட்ட சட்டமில்லை. ஆனால் கலியாணமான பொம்பளை யாரும் அந்தப் பெஞ்சுக்கு முன்னால் சைக்கிளை மிதித்துக்கொண்டு போவதில்லை. கொஞ்சம் முன்னாலேயே இறங்கி, தலையைக் குனிந்து, உருட்டிக்கொண்டு கடந்து, பேன்சிக் கடை தாண்டி மறுபடியும் ஏறுவாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மட்டும் விலக்கு. சுந்தரேஸ்வரியும் அப்படித்தான் இறங்குவாள். அப்போது அதே பெஞ்சில் செல்லத்துரை சர்க்கரையில்லாத டீயை ஊதிக்கொண்டு, எதிரே உள்ள டிரான்ஸ்பார்மரை ஆராய்ந்துகொண்டிருப்பார்.

4

தொடக்கம், மூன்றாம் தடவை. இந்த முறை மாமியாரைத் தூக்கியாயிற்று. பறவை கிடையாது, மருந்து கிடையாது.

'வள்ளிமயில் காலையில் சைக்கிளை எடுத்தாள். டயரை அழுத்திப் பார்த்துக்கொண்டாள். சும்மாதான் கிளம்பினாள். இரண்டு பக்கமும் பருத்தி வெடித்துக் கிடந்தது. டீக்கடை வந்தது. இறங்கி உருட்டினாள். தாண்டியதும் ஏறி மிதித்தாள். காற்று முகத்தில் அடித்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது.'

எழுதி முடித்ததும் செல்லத்துரைக்குத் தன்மேலேயே ஒரு மரியாதை வந்தது. பரிசு கிரிசு கிடைக்குமோ என்றுகூட நினைத்தார். தாளை மனைவி கையில் கொடுத்துவிட்டு, பாராட்டை வாங்கிக்கொள்ளத் தோதாக நாற்காலியில் சாய்ந்தார். சுந்தரேஸ்வரி வாசித்தாள். ஒரு வரியில் விரலை வைத்தாள்.

"இங்கன ஏன் இறங்குதா?"

"எங்க?"

"இங்கன. டீக்கடைக்கிட்ட."

செல்லத்துரை எட்டிப் பார்த்தார். எழுதியிருந்தது. அவர் கையெழுத்துத்தான். எழுதினோம் என்பதே அவருக்கு நினைவில்லை.

"அங்கன எல்லாரும் இறங்கத்தான செய்யுதாவ. நீயும்தான் இறங்குத."

"நான் இறங்குதேன். எனக்கு அங்கன நீங்க உக்காந்திருக்கீய. இவளுக்கு யாரு உக்காந்திருக்கா?"

தாளைத் திரும்பவும் பார்த்தார். உண்மைதான். டீக்கடை என்று ஒரு சொல்தான் இருந்தது. பெஞ்சில் ஒரு ஆளை அவர் எழுதவில்லை. பெஞ்சையே எழுதவில்லை. யாருமில்லாத கடைக்கு முன்னால் வள்ளிமயிலை இறக்கி உருட்ட வைத்திருந்தார், அதுவும் விடுதலைக் கதையில்.

சுந்தரேஸ்வரி தாளைக் கீழே வைத்தாள். "நல்லா மிதிச்சு வாரேன். மனசு லேசா இருக்கு. ஒண்ணையும் யோசிக்காம வாரேன். அந்த எடம் வந்ததும் இறங்கணும். உருட்டிக்கிட்டுப் போகையில என்னமோ களவாண்டுட்டு வந்தவ மாதிரி கூசுது. எனக்கு அது பிடிக்கல. நாளைக்கு நான் இறங்க மாட்டேன். இப்பமே சொல்லிட்டேன்."

5

செல்லத்துரை பயந்துபோனார். பயந்தால் அவர் செய்வது ஒன்றே ஒன்றுதான். உட்கார்ந்து முடிவுகள் எழுதினார்.

முடிவு அ: வள்ளிமயில் இறங்காமல் போகிறாள். பெஞ்சு எழுந்து நின்று கைதட்டுகிறது. (அடித்தாயிற்று. கையில் இருக்கும் வடையைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டுகிற ஆளை அந்தப் பெஞ்சில் அவர் இதுவரை கண்டதில்லை.)

முடிவு ஆ: வள்ளிமயில் இறங்காமல் போகிறாள். சேலை செயினில் சிக்குகிறது. பெஞ்சிலிருந்து ஒருவர் ஓடிவந்து (அடித்தாயிற்று. ஆனால் மூன்றில் இதுதான் பேனா நிற்காமல் ஓடியது. ஏன் என்று செல்லத்துரையிடம் கேட்காதீர்கள், அவரே இன்னும் கேட்டுக்கொள்ளவில்லை.)

முடிவு இ: அன்று காலை பெஞ்சில் வள்ளிமயிலின் புருஷன் இல்லை. ஆகவே அவள் யாருக்காகவும் இறங்க வேண்டியதில்லை.

இதை அடிக்கவில்லை. நடைமுறைக்கும் ஒத்துவரும் என்று தோன்றியது. "நாளைக்கு நான் வீட்டுலயே டீ குடிச்சுக்கிடுதேன்" என்றார் பெருந்தன்மையாக.

"அதெல்லாம் வேண்டாம்" என்றாள் சுந்தரேஸ்வரி. "நீங்க அங்கன இருக்கணும். நீங்க இல்லாத நேரம் பாத்துப் போனா அதுல என்ன இருக்கு?"

6

மறுநாள் காலை செல்லத்துரை பெஞ்சில் இருந்தார். டீ ஆறிக்கொண்டிருந்தது. சுந்தரேஸ்வரி வந்தாள்.

வர்ணிக்க வேண்டிய இடம். மன்னிக்கவும், வர்ணிக்க ஒன்றுமில்லை. சேலையை வரிந்து செருகியிருந்தாள். குறுக்கே வந்த நாய்க்காக மணி அடித்தாள். நாய் விலகியது. இறங்கவில்லை. பெஞ்சைப் பார்க்கவும் இல்லை, பார்க்காத மாதிரி காட்டிக்கொள்ளவும் இல்லை. மிதித்துக்கொண்டு போய்விட்டாள். பேன்சிக் கடை தாண்டி, பருத்திக்காட்டுப் பக்கம் திரும்பி, மறைந்துவிட்டாள்.

பெஞ்சில் யாரும் அவளைப் பார்க்கவில்லை. எல்லோரும் செல்லத்துரையைப் பார்த்தார்கள்.

ஜெயபாண்டி டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். "அண்ணாச்சி, மதினி எங்க போறாவ?"

பதில் ஒரே சொல்தான். வீட்டில் அடுப்பங்கரையில் அவள் எடுத்துக்கொடுத்த சொல். வள்ளிமயிலுக்காக அவரே தாளில் எழுதிய சொல். தொண்டை வரைக்கும் வந்தது. வாயைத் திறந்தார்.

"அவளுக்கு மூட்டுவலி. டாக்டர் சைக்கிள் ஓட்டச் சொல்லியிருக்காரு."

"அப்படியா, பாவம்" என்றார் ஜெயபாண்டி.

பாவம் என்ற சொல் வந்ததும் பெஞ்சு முழுவதும் இளகிவிட்டது. ஒருவர் எண்ணெய் சொன்னார். ஒருவர் தன் சம்சாரத்துக்குப் போட்ட ஊசியைப் பற்றிச் சொன்னார். சும்மா போகிற பெண்ணை அவர்களுக்கு எங்கே வைப்பது என்று தெரியவில்லை, நோயாளிப் பெண்ணுக்கு உடனே இடம் போட்டுவிட்டார்கள். செல்லத்துரைக்கும் அப்பாடா என்றிருந்தது. ஆறின டீயைக் குடித்துவிட்டு, தன் கியர் சைக்கிளில் ஏறிக் கடைக்குப் போனார்.

7

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் மேஜைமேல் ஒரு பெரிய முடக்கத்தான் கீரைக்கட்டு இருந்தது.

"ஜெயபாண்டி சம்சாரம் கொண்டாந்து குடுத்துட்டுப் போறா" என்றாள் சுந்தரேஸ்வரி. "எனக்கு மூட்டுவலியாம்லா. அரைச்சுத் தோசை சுட்டுத் திங்கணுமாம்."

செல்லத்துரை டிரான்ஸ்பார்மரைத் தேடினார். வீட்டுக்குள் டிரான்ஸ்பார்மர் இல்லை.

"சர்க்கரை உங்களுக்கு. வியாதிக்காரரு நீங்க. நீங்க போகையில யாராச்சும் எங்க போறீயன்னு கேட்டாவளா? எனக்கு ஒரு வலியும் கெடையாது. உடம்பு நல்லாருக்கு, அதான் போறேன். அத ஒங்களால சொல்ல முடியல." அவள் குரலை உயர்த்தவில்லை. கீரையை ஆய ஆரம்பித்தாள். "நான் இறங்காமத்தான் போனேன். நீங்கதான் இறங்கிட்டிய."

செல்லத்துரைக்கு வெட்கமாக இருந்தது. எழுத்தில் வருகிற வெட்கம் அல்ல, காதுமடல் சுடுகிற வெட்கம். ஏதாவது சொல்லியிருக்கலாம். "கதையில இத வச்சுக்கிடவா?" என்றுதான் வாயில் வந்தது.

"வச்சுக்கோங்க. நாளைக்கும் போவேன். நாளைக்கும் கேப்பாவ. என்ன சொல்லணும்னு யோசிச்சு வச்சுக்கோங்க."

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முடக்கத்தான் தோசைதான். இல்லாத மூட்டுவலிக்கு இரண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவருக்கு ஒன்று கூடவே போட்டாள்.

8

மலர்க்காரர்கள் முடிவு கேட்கிறார்கள். வள்ளிமயில் கதையில் இப்போது பெஞ்சு வந்துவிட்டது, பெஞ்சில் ஒரு புருஷனும் வந்துவிட்டான். ஒழுகுகிற மூக்கை ஒட்டவைத்து அவனைச் செல்லத்துரை தன்னைப் போல இல்லாதபடி எழுதிப் பார்த்தார். தன் தொந்தியை மட்டும் மறைக்க முடியவில்லை. வள்ளிமயில் இறங்காமல் போய்க்கொண்டிருக்கிறாள். அவளைப் பற்றி எழுத இனி ஒன்றுமில்லை. அவள் கதை முடிந்துவிட்டது, மீதி இருப்பது பெஞ்சின் கதை.

அந்த ஒரு சொல்லை இங்கே எழுதிவிடுவது சுலபம். தாளில் செல்லத்துரை சூரர். ஆனால் எழுதிவிட்டால் சொல்லிவிட்ட மாதிரி ஒரு திருப்தி வந்துவிடும், அப்புறம் காலையில் வாய் திறக்காது. மனுசனைப் பற்றி அவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறார். அதனால் எழுதப்போவதில்லை.

விடிந்துவிட்டது. பெஞ்சில் அவருக்கு இடம் விட்டிருக்கிறார்கள். பக்கத்தில் இன்னும் ஒரு ஆள் உட்காரலாம், வாருங்கள், கொஞ்சம் நகர்ந்துகொள்வார். ரோட்டில் மணிச் சத்தம் கேட்கிறது. ஜெயபாண்டி கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு பெஞ்சைப் பார்க்கிறார். செல்லத்துரைக்கு வாய் வரவில்லையென்றால் நீங்கள் சொல்லுங்கள். நோய், மருந்து, மாமியார், கீரை எதுவும் கூடாது.

"அண்ணாச்சி, மதினி எங்க போறாவ?"

"