போறேன் என்று போனவர்

மலையடிவாரத்து நல்லதண்ணியில் அன்று காலையிலிருந்தே மழை. என் தேத்தண்ணிக் கடை பெஞ்சில் ஹன்சா உட்கார்ந்திருந்தார். குஜராத்திக்கார அம்மா, முப்பது வருடம் சென்னையில் இருந்ததால் நன்றாகவே தமிழ் பேசினார். அவர் மலை ஏறவில்லை. அவரோடு யாத்திரை வந்து ஏறிய கூட்டம் பத்து மணிக்கே இறங்கிவிட்டது, அவர் கணவரைத் தவிர. இப்போது மணி ஒன்று. மேலே ஒரே பனிமூட்டம்.

என் வீட்டுக்காரர் அழகுமுத்துவுக்கு ஊருக்கெல்லாம் இளகுகிற மனசு. நல்ல வியாபார நாளில் கடையை என் தலையில் கட்டிவிட்டு, சாக்கைப் போர்த்திக்கொண்டு தேடக் கிளம்பினார். "நான் போறேன்" என்றார்.

"போயிட்டு வாறேன்னு சொல்லுங்க. நல்ல வார்த்தையே வாயில வராதா?"

அவர் திரும்பிப் பார்க்காமல் படியேறினார். நானும் கோபத்தில் 'போயிட்டு வாங்க' என்று சொல்லவில்லை.

"எங்களுக்கும் அப்படித்தான்" என்றார் ஹன்சா. "போறவங்களுக்கு 'ஆவ்ஜோ' சொல்லுவோம். வாங்கன்னு அர்த்தம். 'ஆவ்வு'ன்னா வர்றது. மழை, தூக்கம், கடுதாசி எல்லாத்துக்கும் அந்தச் சொல்தான். 'வந்து சேர்றது'ங்கிற பழைய சமஸ்கிருதச் சொல்லுலேருந்து பொறந்ததுன்னு எங்கப்பா சொல்வார், வாத்தியார் அவர்." மலையை நிமிர்ந்து பார்த்தார். "எங்க வீட்டுக்காரர்கிட்ட, முட்டிவலியோட ஏறாதீங்கன்னேன். கேக்கல. கிளம்பும்போது நான் ஆவ்ஜோ சொல்லல."

நான் வாசலுக்குப் போய் மலைப் படிக்கட்டைப் பார்த்தேன்.

மூன்று மணிக்கு அவர் கணவர் கம்பை ஊன்றித் தானாகவே இறங்கி வந்தார். முட்டி பிடித்துக்கொண்டதால், வழியில் ஒரு கடைக்குள் படுத்திருந்தாராம். அழகுமுத்துவை அவர் பார்க்கவேயில்லை. ஹன்சா அவர் கையைப் பிடித்து அழுதார். எனக்கு எரிந்தது. இவள் ஆள் வந்துவிட்டார், என் ஆள் எங்கே?

அவர்களுடைய பஸ் ஹோர்ன் அடித்தது. "கெளம்புங்கம்மா" என்றேன், வெடுக்கென்று.

ஹன்சா தன் கூட்டத்தைப் போகச் சொல்லிவிட்டு, கணவரோடு மறுபடி உட்கார்ந்தார். "உங்க வீட்டுக்காரர் வராம உங்களுக்கு நான் எப்படி ஆவ்ஜோ சொல்றது?"

பஸ் போய்விட்டது. மேலே ஓரிடத்தில் மண் சரிந்திருப்பதாக இறங்கி வந்தவர்கள் சொன்னார்கள். மூவரும் படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஐந்தரைக்கு அழகுமுத்து வந்தார். கால் நிறைய அட்டைக்கடி. ஹன்சாவின் முன்னால் தலை குனிந்து நின்றார். "எல்லா எடமும் தேடிட்டேன்மா. ஐயாவக் காணோம். மன்னிச்சிருங்க."

ஐயா பக்கத்திலேயே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். திட்டுவதற்கு என்னிடம் ஒரு கூடை வார்த்தை இருந்தது.

"வாங்க" என்றேன்.