தம்பி வாங்கித் தந்த எண்ணெய்

குளத்தம்மா வாயைத் திறந்தால் தம்பி புராணம்தான். கணவன் இறந்த பிறகு, பிள்ளைகளை வைத்துக்கொண்டு, இரண்டு மீன் குளங்களையும் ஒற்றை ஆளாகக் கட்டி மேய்த்துக்கொண்டிருந்தாள். மேட்டில் தம்பியின் காய்கறி வயல். அங்கே அடிக்கும் பூச்சிமருந்து அக்கா குளத்தில் இறங்கிவிடக் கூடாதென்று வடிகாலைப் பெரிய ஓடைக்குத் திருப்பிவிட்டதாக அவன் சொல்லியிருந்தான். அவளும் நம்பியிருந்தாள்.

ஒரு மழைக்குப் பிறகு மீன்கள் தீவனத்தைச் சீண்டவில்லை. சில ஒருக்களித்து நீந்தின. சில மேலே வந்து வாயைப் பிளந்தன. அவள் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது தம்பிதான் ஒரு பாட்டிலோடு ஓடிவந்தான்.

"புதினா எண்ணெய்க்கா. தீவனத்துல கலந்து போடு. பூச்சிமருந்து பட்ட மீனுக்குத் தெம்பு வருமாம்."

"பூச்சிமருந்தா? நம்ம குளத்துல எப்படிடா?"

"காத்துல வந்திருக்கும். எத்தனை பேரு அடிக்கிறாங்க!"

மீன் டாக்டரிடம் போனில் அளவு கேட்டுக்கொண்டு, சில சொட்டுகளைச் சமையல் எண்ணெயில் கலந்து, தீவனத்தில் பிசறி, நிழலில் உலர்த்திப் போட்டாள். அடுத்த குளத்துக்குப் போகும்போதும் கையெல்லாம் புதினா மணத்தது. மீன்கள் மெல்லத் தேறின. "தம்பி மட்டும் இல்லேன்னா நான் நடுத்தெருவுலதான்" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள்.

தேறியதில் பெரிதாக இரண்டைப் பிடித்து அவன் வீட்டுக்கே கொண்டுபோனாள். தம்பி மனைவி பையை வாங்கக் கை நீட்டவில்லை.

"வேணாம் அண்ணி."

"ஏம்மா, மீன்னா உசிரை விடுவியே?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "அந்தக் குளத்து மீனை வீட்டுக்குள்ள சேர்க்காதேன்னுட்டாரு. நம்ம வயல் தண்ணி அங்கதான் இறங்குது. நீங்களும் தின்னாதீங்க அண்ணி. நான் சொன்னேன்னு மட்டும் காட்டிக்காதீங்க."

குளத்தம்மா பையோடு திரும்பினாள். நேரே வயலுக்கு ஏறினாள். ஓடைக்குப் போகும் வாய்க்கால் தூர்ந்து புல் மண்டிக் கிடந்தது. குளத்துப் பக்க மடைப்பலகையைப் பிடுங்கி வரப்பில் சாத்தியிருந்தார்கள். தம்பி மருந்து டேங்கைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தான்.

"வாய்க்காலைப் பார்த்துட்டுதான் வர்றேன்" என்றாள்.

அவன் மழுப்பவில்லை. "தூர் வார ஆள் கிடைக்கலக்கா. பயிர் அழுகினா நான் என்ன செய்ய? அதான் எண்ணெய் வாங்கித் தந்தேன்ல? மீனு பொழைச்சுக்கிச்சுல்ல?"

"அந்த மீனை என் பிள்ளைங்க தின்னுச்சுங்கடா."

அவன் டேங்கின் வாரை இழுத்துச் சரிசெய்தான்.

"மருந்து இறங்குறது தெரிஞ்ச நீ தொட்டிருக்க மாட்ட. இல்ல?" அவள் வரப்பில் கிடந்த பலகையைக் காட்டினாள். "எனக்கு விஷயம் தெரியக் கூடாதுன்னுதானே எண்ணெய்? பைத்தியக்காரி மாதிரி ஊரெல்லாம் உன் பெருமை பேசியிருக்கேன்."

எண்ணெய் மீனுக்குத் தாங்கும் சக்தி தரலாம், சதையில் தங்கிய மருந்துக்கு அது உத்தரவாதமில்லை என்றார் மீன் டாக்டர். மீனைச் சோதித்து முடிவு வரும்வரை வாங்க வர வேண்டாமென்று அவள் மீன் வியாபாரியிடம் சொல்லிவிட்டாள். மடை வாயில் மணல் மூட்டைகளை அவளே சுமந்து அடுக்கினாள்.

அடுத்த மழையில் தம்பி வயலில் தண்ணீர் கட்டியது. அவன் வரவில்லை, மனைவியை அனுப்பினான்.

"மடையைத் திறந்துவிடச் சொன்னாரு அண்ணி."

"முடியாதுன்னு சொல்லு. ஓடைப் பக்கம் வெட்டிக்கச் சொல்லு."

அவள் கிளம்பாமல் தயங்கினாள். "நான் சொன்னதை அவர்கிட்ட…"

"சொல்லல. சொல்லவும் மாட்டேன்." குளத்தம்மா டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினாள். "டீ ஆறுது, குடி."