தேநீர் வண்டியும் பத்தாம் நாள் தையலும்

ராபி ஹெப்பிளுக்குக் குடலிறக்க அறுவை முடிந்து அன்று ஐந்தாம் நாள், திங்கட்கிழமை. சனிக்கிழமை ஊர்ச் சுரங்கத் தொழிலாளர் கூடத்தில், யார் வளர்த்தது பெரிது என்று பார்க்கும் லீக்ஸ் போட்டி. இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு வியாழன்தான் இருந்தது. சர்ஜன் வார்டுக்கு வருவது வியாழன் மட்டும். அவர் தலையசைத்தால் வீடு; இல்லையென்றால் அடுத்த வியாழன்வரை கட்டில்.

பிப்ரவரியில் விதை போட்டு ஏழு மாதம் வளர்த்த லீக்ஸ்; வெங்காயத்தாளுக்குப் பெரியண்ணன் மாதிரி. ஒவ்வொன்றும் அவன் முன்னங்கைப் பருமன்.

"ஜென்னியே பிடுங்கிட்டுப் போய் வைக்கட்டுமே" என்றார் பக்கத்துக் கட்டில் மிஸ்டர் கார். பித்தப்பை எடுத்துப் படுத்திருப்பவர்.

"என் பெண்டாட்டியா? கேரட் பிடுங்குற மாதிரி பிடுங்குவா. ஒரு வேர் அறுந்தாப் போச்சு."

"அப்ப சிஸ்டர்கிட்ட கேளு."

பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் ராபி அவரைப் பார்த்தான். அந்த ஊரில் யாரும் எதையும் வாய்விட்டுக் கேட்பதில்லை; அதிலும் வார்டுத் தலைமை நர்ஸ் சிஸ்டர் டாட்ஸிடம் கேட்பதாவது! கட்டில் சக்கரங்கள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பி நிற்க வேண்டும், தலையணை உறையின் வாய் வாசலைப் பார்க்கக் கூடாது என்று தினம் இரண்டு முறை சோதிக்கிறவர் அவர். சர்ஜன் வரும்போது நோயாளிகள் போர்வைக்குள் பொம்மை மாதிரி கிடக்க வேண்டும் என்பதும் அவர் சட்டம்தான்.

தேறிவிட்டதைக் கேட்காமலே காட்டிவிடலாம் என்று ராபி முடிவு செய்தான். எழுந்து நடமாடுகிற நோயாளிகள் வார்டு வேலைக்கு ஒத்தாசை செய்வது வழக்கம். அவன் டீ வண்டியை எடுத்துக்கொண்டான். முப்பது கட்டிலுக்கும் சூடு ஆறாமல் டீ போயிற்று. யாருக்குச் சர்க்கரை, யாருக்கு வேண்டாம் என்பதெல்லாம் இரண்டே நாளில் அவனுக்கு மனப்பாடம்.

புதன்கிழமை மதியம் சிஸ்டர் சின்ன நர்ஸிடம் சொன்னது அவன் காதில் விழுந்தது.

"ஹெப்பிளை இன்னும் ஒரு வாரம் வெச்சுக்கலாம்னு நாளைக்கு சர்ஜன்கிட்ட சொல்லணும். புண்ணும் நல்லா ஆறும், டீயும் நேரத்துக்கு வரும்."

ராபி வந்து சொன்னதும் மிஸ்டர் கார் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "சிரிக்க வைக்காதேப்பா, தையல் இழுக்குது!"

அன்று சாயங்காலம் ராபி வேண்டுமென்றே தார் மாதிரி டீ போட்டான். வார்டே கத்தியது. சிஸ்டர் மட்டும் இரண்டு கோப்பை குடித்தார்.

"இன்னிக்குத்தான் டீ, டீ மாதிரி இருக்கு, மிஸ்டர் ஹெப்பிள்."

வியாழன் காலை சர்ஜன் அவன் கட்டிலருகே நின்றார். சிஸ்டர் தொண்டையைச் செருமினார். "இவரை இன்னும் ஒரு வாரம்..."

"சார், சனிக்கிழமை எனக்கு லீக்ஸ் போட்டி. நான் போகணும்."

சொல்லிவிட்டான். எதிர்க் கட்டிலில் யாரோ இருமலை அடக்கினார்கள். சிஸ்டர் மெதுவாகத் திரும்பினார்.

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன? வாயைப் பூட்டிச் சாவியை என்கிட்டயா குடுத்தீங்க?"

"பேசக் கூடாதுன்னு நீங்கதானே, சிஸ்டர்..."

"சர்ஜன் இருக்கும்போதுதான்! மிச்ச நாளெல்லாம் நான் இங்கதானே இருந்தேன்?"

சர்ஜன் சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டார். "நாளைக்குப் போகலாம். சனிக்கிழமை பதினோரு மணிக்கு வட்டார நர்ஸ் வந்து தையல் பிரிப்பாங்க. வீட்டுல இருக்கணும். குனியக் கூடாது, தூக்கக் கூடாது, மண்வெட்டியைத் தொடவே கூடாது."

ஆகவே சனிக்கிழமை ஜென்னிதான் தோண்டினாள். ராபி பாத்தி ஓரம் நின்றான்.

"மெதுவா... இடது பக்கம்... ஐயோ, மெதுவாடி!"

"இந்தா மனுஷா, மூணு பிள்ளையைக் குளிப்பாட்டின கை இது. வாயை மூடிட்டு நில்லு."

போட்டிக்கான மூன்று லீக்ஸும் ஒரு வேர்கூட அறுபடாமல் வந்தன. கழுவித் துடைத்து நிமிர்ந்தபோது மணி பத்தேமுக்கால். பதினோரு மணிக்கு மேல் போட்டி மேஜையில் வைக்க விடமாட்டார்கள். தையல் ராபிக்கு நினைவில் இருந்தது. கால்தான், லீக்ஸைத் தூக்கிக்கொண்டு போன ஜென்னியின் பின்னால் கூடத்தைப் பார்த்து நடந்தது.

நடுவர்கள் நாடாவால் அளந்துகொண்டிருக்கையில் வட்டார நர்ஸ் டர்ன்புல் கறுப்புப் பையோடு உள்ளே வந்தாள். பூட்டின வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு சைக்கிளில் வந்த கோபம் முகத்தில் தெரிந்தது.

"உங்களை வீட்டுல இருக்கச் சொன்னாங்களா, இல்லையா?"

"அம்மா தாயே, அஞ்சே நிமிஷம். முடிவு சொல்லப் போறாங்க..."

"எனக்கு இன்னும் நாலு வீடு இருக்கு. நடங்க."

மேடைத் திரைக்குப் பின்னால் ஒரு மேஜை இருந்தது. அதில் அடுக்கியிருந்த முட்டைக்கோஸை நர்ஸ் ஒதுக்கித் தள்ளினாள். சுத்தமான துணியை விரித்தாள். கையைக் கழுவிவந்து அவனைப் படுக்க வைத்தாள். ஒரு தையல், இரண்டு தையல் என்று கத்தரிக்கோல் போய்க்கொண்டிருந்தது. திரைக்கு அந்தப் பக்கம் நடுவரின் குரல் கேட்டது.

"லீக்ஸ், இரண்டாம் பரிசு, கம்பளிப் போர்வை... ராபர்ட் ஹெப்பிள்!"

ராபி தலையைத் தூக்கினான். நர்ஸ் ஒரு விரலால் அவன் நெற்றியை அழுத்தி மறுபடி படுக்க வைத்தாள்.

"ஆடாதீங்க. இன்னும் ரெண்டு இருக்கு."

"ஜென்னி!" என்று அவன் முகட்டைப் பார்த்துக் கத்தினான். "நீயே போய் வாங்கிக்கடி! தோண்டினது நீதானே!"