அரக்கனுக்கு ஒரு ரேடியேட்டர்

பிளாஸ்டிக் பொம்மை டாங்கியில் வெல்டிங் தழும்பை எப்படி வரவழைப்பது என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், பிராவ்லியோ சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்துவிடுவான். உதிரிப் பாகங்கள் ஒட்டி வரும் சட்டத்திலிருந்து ஒரு குச்சியை வெட்டி, மெழுகுவத்திச் சுடருக்கு மேலே காட்டி, இளகியதும் இரு முனைகளையும் மெல்ல இழுப்பான். தலைமுடி போல நூல் வரும். தகடுகள் சேரும் மூலையில் அதை வைத்துப் பசைத் திரவத்தை ஒரு தொடு தொட்டால் நூல் வெண்ணெயாய்க் குழையும். அப்போது கத்தி முனையால் நெருக்க நெருக்கமாக அழுத்திக்கொண்டே போக வேண்டும். காய்ந்த பிறகு பார்த்தால், ஏதோ பட்டறையில் பற்றவைத்த இரும்பேதான்.

"அவசரத்துல பண்ணினவன் கை நடுங்கியிருக்கும்ல, அந்த நடுக்கமும் வரணும்" என்பான்.

தொழிலில் அவன் பல் கட்டுகிறவன். ரெய்னோசா என்ற எல்லையோர ஊரில் பல் மருத்துவர்கள் சிலருக்குச் செயற்கைப் பல் செய்து கொடுக்கிறான். பல்லைக் குடையும் நுண்ணிய துளைப்பான், எக்ஸ்ரே பிலிம் உறைக்குள்ளிருந்து மருத்துவர்கள் தூக்கிப் போடும் ஈயத்தாள் எல்லாம் மாலையானால் டாங்கி வேலைக்கு வந்துவிடும். உலகப் போர் டாங்கிகளாகச் செய்து அலமாரியை நிறைத்தவன், அந்த வருடம்தான் சொந்த ஊர் டாங்கியில் கை வைத்தான்.

ஊர் டாங்கி தொழிற்சாலையில் பிறந்ததல்ல. மணல் லாரியைச் சுற்றி விரல் தடிமனுக்கு இரும்புத் தகடுகளைப் பற்றவைத்து, சுடுவதற்கு ஓட்டைகள் விட்டு, மேலே ஒரு கூண்டை ஏற்றியது. ராணுவத்தோடு மோதும் போதைக் கடத்தல் கும்பல்கள் செய்வது; அவர்கள் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. 'அந்த ஆளுங்க' என்றால் போதும். வண்டிக்கு மட்டும் பெயர் உண்டு: அரக்கன். நெடுஞ்சாலை ஓரத்தில் எரிந்து கிடந்த ஒன்றை பஸ் ஜன்னல் வழியாகப் படம் பிடித்து வந்து, பிராவ்லியோ அதை முப்பத்தைந்தில் ஒரு பங்காகச் செய்ய ஆரம்பித்தான்.

முதலில் துரு நிறம் பூசினான். அதன்மேல் மனைவி ஒப்தூலியா தலைமுடிக்கு அடிக்கும் ஸ்பிரே. அது காய்ந்ததும் சாம்பல் நிறம். ஈரத் தூரிகையால் தேய்த்தால் நடுவிலுள்ள ஸ்பிரே கரைந்து, மேல் நிறம் செதில் செதிலாக உரிந்து துரு எட்டிப் பார்க்கும். ஸ்பிரே தீர்ந்ததற்குக்கூட ஒப்தூலியாவுக்குக் கோபமில்லை; கோபம் வேறு.

"ஊரே பேர் சொல்லப் பயப்படுது. நீ அதை மேஜைல வச்சுக் கொஞ்சுற" என்றாள்.

ஒரே ஓர் இடத்தில்தான் மாதிரி வண்டி படத்திலிருந்து விலகியது. எரிந்து கிடந்த வண்டியில் ரேடியேட்டரை முழுத் தகட்டால் மூடியிருந்தார்கள். காற்று போகாவிட்டால் தண்ணீர் கொதிக்கும், எஞ்சின் பாதி வழியில் நின்றுவிடும். ராணுவத்திடம் அகப்படுவதே அப்படித்தான். அந்தத் தகட்டை வெட்டும்போது பிராவ்லியோவின் கை நின்றது. தப்பென்று தெரிந்ததைச் செய்ய அவனுக்கு வரவில்லை. மர ஜன்னல் அடைப்பில் இருப்பதுபோலச் சாய்வுப் பட்டைகளை இரண்டு வரிசையாக, ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கம் சாய்த்து ஒட்டினான். காற்று வளைந்து உள்ளே போய்விடும். குண்டுக்கு வளையத் தெரியாது.

ஹோட்டல் கூடத்தில் மாதிரி வண்டிகளின் வருடாந்திரக் கண்காட்சி. நடுவர் சிப்ரியானோ, பிராவ்லியோவின் மகளுக்கு ஞானத்தகப்பன். அதனால் இருவரும் ஒருவருக்கொருவர் கொம்பாத்ரே. அவன் பேனா விளக்கை அடித்து அடிப்பாகம்வரை பார்த்தான்.

"வெல்டிங்கத் தொட்டா சுட்டுரும் போல இருக்கு, கொம்பாத்ரே. ஆனா முன்னாடி இந்தப் பட்டை? நிஜத்துல கிடையாதே. மார்க் போச்சு."

"நிஜத்துல இருக்கிறதுதான் தப்பு, கொம்பாத்ரே. இதுதான் சரி."

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. சுற்றி நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படி, காற்று வரும் வழியை விரலால் வரைந்து காட்டி, குண்டு எங்கே முட்டும், எங்கே தெறிக்கும் என்று விளக்கினான். எல்லோரும் சிரித்தார்கள். ஆறுதல் பரிசுகூடக் கிடைக்கவில்லை.

ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைச் சட்டை, தூசு படாத பூட்ஸ். கூட்டம் கலைந்ததும் பக்கத்தில் வந்தான்.

"இன்ஜினியரே, கோடைல இந்தக் காத்து பத்துமா?"

நாலு விஷயம் தெரிந்தவனை இன்ஜினியர் என்று அழைப்பது அந்த ஊர் மரியாதை. பிராவ்லியோவுக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. இவ்வளவு நல்ல கேள்விகளை இதுவரை யாரும் அவனிடம் கேட்டதில்லை. பட்டையின் அகலம், சாய்வு, இடைவெளி என்று ஒன்றுவிடாமல் சொன்னான். கடைசியில் அந்த ஆள், பொம்மை அழகாக இருக்கிறது, எடுத்துக்கொள்கிறேன் என்றான். விலை கேட்கவில்லை. அப்போதுதான் பிராவ்லியோ கதவோரத்தைக் கவனித்தான். எந்த மாதிரியையும் பார்க்காமல் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். தன் கையாலேயே காகிதம் சுற்றிக் கொடுத்தான்.

வீட்டில் இதைச் சொன்னபோது ஒப்தூலியா தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

"இன்ஜினியர்னா கூப்பிட்டான்?"

அதற்கு மேல் அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முன்பு செல்போன் கோபுர வேலைக்கு வந்த ஓர் இன்ஜினியரை 'அந்த ஆளுங்க' கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் மனைவி இன்னும் சதுக்கத்தில் புகைப்படத்தோடு உட்கார்ந்திருக்கிறாள்.

"இனிமே யார் எதைக் கேட்டாலும் உனக்குத் தெரியாது. நீ பல்லு கட்டுறவன். அவ்வளவுதான்."

மழைக்காலம் முடிந்த சமயம் சிப்ரியானோவிடமிருந்து போனுக்கு ஒரு படம் வந்தது. ராணுவம் பிடித்த ஓர் அரக்கன், ஆற்றோரச் சாலை வளைவில் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. அதன் முகத்தில் இரண்டு வரிசைச் சாய்வுப் பட்டைகள்.

"கொறைச்ச மார்க்கத் திருப்பிக் குடுத்துடறேன், கொம்பாத்ரே. இப்ப நிஜத்துலயும் இருக்கு" என்று கீழே எழுதியிருந்தது. சற்று நேரத்தில் இன்னொன்று வந்தது: "பாத்துட்டு அழிச்சிடு."

பிராவ்லியோ அழிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். எஞ்சின் கொதிக்கவில்லை. நெடுந்தூரம் ஓடித்தான் கவிழ்ந்திருக்கிறது. கனமெல்லாம் கூண்டில், உச்சியில். வளைவில் திரும்பினால் தலை வெளியே இழுக்காமல் என்ன செய்யும்? பயம் வருவதற்கு முன்னால் இந்தக் கணக்குத்தான் மனதில் வந்தது.

அலமாரி காலியாயிற்று. டாங்கிகள் பெட்டிக்குள் போயின. ஒப்தூலியா அவனுக்குப் பயிற்சி கொடுத்தாள். அடுப்பில் பீன்ஸ் பானையின் மூடி குதிக்கும்போது, "இது ஏன் ஆடுது?" என்பாள்.

"தெரியாது."

"கண்ணு சொல்லுதே தெரியும்னு. தரையப் பாத்துச் சொல்லு."

ஒரு நண்பகலில் அந்த வெள்ளைச் சட்டைக்காரன் வீட்டை ஒட்டிய பல் பட்டறைக்குள் வந்தான். பற்களை ஓரமாகத் தள்ளிவிட்டு, காகிதத்தைப் பிரித்து மாதிரியை மேஜையில் வைத்தான். வெளியே வண்டி எஞ்சின் அணையாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"பட்டை நல்லா இருந்துச்சு, இன்ஜினியரே. வளைவுலதான் விழுந்துட்டுது."

"நான் பல்லு கட்டுறவங்க. எனக்கு இதெல்லாம் தெரியாது" என்றான் பிராவ்லியோ, தரையைப் பார்த்து.

அந்த ஆள் கோபிக்கவில்லை. சாந்து குழைக்கும் பலகையை எடுத்து மாதிரியை அதன்மேல் நிறுத்தினான். ஈயத்தாளைக் கிழித்து மடித்துக் கூண்டின் மேல் வைத்து, பலகையைச் சாய்த்தான். மாதிரி உருண்டு விழுந்தது. பக்கக் கண்ணாடி ஒன்று உடைந்தது.

"இப்படி இல்லையா?"

"தெரியாதுங்க."

ஈயத்தை ஒரு பக்கமாக வைத்தான். விழுந்தது. வால் பக்கம் வைத்தான். முன்சக்கரம் தூக்கிக்கொண்டு விழுந்தது. ஒவ்வொரு தடவையும் மயிரிழை வெல்டிங் ஒன்று விட்டது. உள்ளே ஒப்தூலியாவின் தையல் இயந்திரம் நின்றுபோயிருந்தது. அடுத்த தடவை பாதியைக் கூண்டிலும் பாதியை வண்டியின் அடிச்சட்டத்திலும் வைத்தான். கிட்டத்தட்ட சரி. கிட்டத்தட்டத்தான். மாதிரி ஒரு கணம் தயங்கி, மெதுவாக, மிக மெதுவாகச் சாயத் தொடங்கியது.

பிராவ்லியோவின் கை நீண்டு அதைப் பிடித்தது. இடுக்கியால் கூண்டிலிருந்த ஈயத்தை எடுத்தது. இரண்டு அச்சுகளுக்கும் நடுவே, எவ்வளவு தாழ்வாக முடியுமோ அவ்வளவு தாழ்வாக வைத்து அழுத்தியது. பிறகு பலகையைத் தன் பக்கம் இழுத்து, அந்த ஆள் சாய்த்ததைவிட அதிகமாகவே சாய்த்தது. சக்கரம் எழும்பவில்லை.

"கனம் கீழ இருக்கணும்" என்றது அவன் குரல். "மேல மெல்லிசுத் தகடு போதும்."

அந்த ஆள் தலையசைத்தான்.

"மூக்குக் கண்ணாடியை எடுத்துக்குங்க, இன்ஜினியரே. தொப்பியும். வெளிய வெயில் அதிகம்."

ஒப்தூலியா கதவருகே வந்து நின்றாள். வந்தவனை அவள் பார்க்கவில்லை. கணவன் கையிலிருந்த பலகையைப் பார்த்தாள். செங்குத்தான அந்தச் சரிவில் அரக்கன் விழாமல் நின்றுகொண்டிருந்தது.