குடும்பத்தில் யாருக்காவது

"உங்க குடும்பத்துல வேற யாருக்காவது இது மாதிரி தழும்பு வளர்ந்திருக்காம்மா?" என்று வேங்கிக்கால் தோல் டாக்டர் கேட்டபோது தமிழ்செல்வி யோசிக்கவே இல்லை. "ஒருத்தருக்கும் இல்லீங்க. காதுல ரெண்டாவது ஓட்டை வேணும்னு அடம்புடிச்சி குத்திக்கினா. நோண்டி நோண்டி இவளே வரவழச்சிக்கினா" என்றாள். மகள் சினேகா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் காது மடலில், கம்மலுக்கு மேலே, இலந்தைப்பழம் அளவுக்குப் பளபளவென்று ஒரு கட்டி.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தமிழ்செல்வியின் தம்பி இளஞ்செழியன் காலரை இழுத்துவிட்டுக்கொண்டான். அதே சங்கதி அவன் தோளில் கையகலத்துக்கு இருந்தது. காலேஜ் ஹாஸ்டலில் இருந்தபோது வந்த ஒரு பரு, தழும்பாகி வளர்ந்தது. யாரோ டாக்டரிடம் போய் வெட்டிக்கொண்டான். ஆறின கையோடு இரண்டு மடங்காக வளர்ந்தது. கட்டினவளைத் தவிர யாருக்கும் தெரியாது. பௌர்ணமிக்கு ஆம்பளைகள் பாதிப்பேர் வெற்றுடம்போடு மலையைச் சுற்ற, ஐயா மட்டும் கழுத்துவரை பட்டன் போட்டுக்கொண்டு வேர்த்து வழிவார்.

போன வருஷம் சினேகாவைக் காது குத்த வண்டியில் கூட்டிப்போனதே அவன்தான். கட்டி வந்து, வெட்டி எடுக்கப் போனபோதும் அவன்தான் வண்டி ஓட்டினான். வெட்டின இடத்திலேயே திரும்ப வளர்ந்ததுதான் இது. வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தான்? சொல்லியிருந்தால் அந்தக் கத்தியாவது அவள்மேல் பட்டிருக்காது. வெட்கம் பார்த்தான், பாவி.

"நோண்டினதால மட்டும் இது வராதும்மா" என்றார் டாக்டர். "சில பேர் தோலுக்குப் புண்ணு ஆறினப்புறமும் நிறுத்தத் தெரியாது, வளர்ந்துகிட்டே போகும். வெறுமனே வெட்டினா ஜாஸ்தியாத்தான் வரும். தழும்புக்குள்ளயே மாசாமாசம் ஊசி போட்டா மெல்ல அமுங்கும். வலிக்கும், பொறுத்துக்கணும்."

"அப்ப எங்க வூட்ல இவளுக்கு மட்டும் ஏன் வருது?" தமிழ்செல்வி விடவில்லை.

"இவளுக்கு மட்டும் இல்லக்கா."

இளஞ்செழியன் எழுந்து பட்டன்களைக் கழற்றினான். சட்டை சரிந்ததும் தமிழ்செல்வி வாயைப் பொத்திக்கொண்டாள். "இத வச்சிக்கினாடா இவள கூட்டிகினு போன?" என்றாள் பிறகு.

சினேகா அழுவாள், திட்டுவாள் என்று நினைத்தான். திட்டியிருந்தால் தேவலை.

"மாமா, உனக்கும் ராத்திரில அரிக்குமா?"

"அரிக்கும்மா" என்றான்.

நர்ஸ் ஊசியை எடுத்து வந்தாள். சினேகா கூந்தலை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்துக் காதைக் காட்டினாள். ஊசி இறங்கும்போது பல்லைக் கடித்தாளே தவிர கண்ணை மூடவில்லை. அவன் தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டையை மேலே இழுத்துக்கொள்ள அவனுக்குக் கை வரவில்லை.