மாதாவின் கண்ணில் நீல நூல்

பழைய துணிகளைச் செப்பனிடுவது என் வேலை. பரமட்டா என்ற வெளிநாட்டு நகரில் ஒரு மாடியறையில் உட்கார்ந்துகொண்டு, செத்துப்போனவர்களின் தையலில் குற்றம் கண்டுபிடிப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

போன மாதம் ஒரு தேவாலயத்திலிருந்து குருவானவரின் பூசை அங்கி ஒன்று வந்தது. அறுநூறு வருடப் பழசு. யாரோ ஒரு சீமாட்டி உயிலில் எழுதி வைத்ததாம். அதன் அருமை தெரியாமல் இத்தனை காலம் அலமாரியில் கிடந்திருக்கிறது. அந்தக் காலத்தில் குருவானவர் மக்களுக்கு முதுகு காட்டித்தான் பூசை வைப்பார். அதனால் உருவங்களெல்லாம் முதுகுப்புறம்: சரிகைச் சிலுவையில் இயேசு, காலடியில் பட்டு நூலால் மாதா. மாதாவின் கண்களை மட்டும் யாரோ மலிவான நீலப் பருத்தி நூலால் கோணல்மாணலாகத் தைத்திருந்தார்கள். பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிற்காலத் தையலைப் பிரிக்கும் முன் விசாரிக்க வேண்டும், பிரித்த நூலை உறையில் போட்டு வைக்க வேண்டும். எங்கள் தொழிலில் இது பாலபாடம். இந்தக் கந்தல் நூலுக்கு இவ்வளவு மரியாதையா என்று பிரித்துக் குப்பையில் போட்டேன். கீழே வெறும் துணிதான் இருந்தது. பழைய பட்டு எப்போதோ உதிர்ந்து போயிருந்தது.

அங்கியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது யோகா அன்ரி வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர்; தேவாலயத் துணிகளைத் துவைத்துத் தேய்ப்பவர். அங்கியின் முதுகைப் பார்த்தவர் மாதாவின் முகத்தை விரலால் தடவினார்.

"கண் எங்க பிள்ளை?"

"அது யாரோ பின்னாடி தைச்சது அன்ரி. சரியாவே இல்ல. எடுத்துட்டேன்."

"நான்தான் தைச்சனான். என்ர மகன் போடுற சேட்டில இருந்து உருவின நூல். அவனைப் பிடிச்சுக்கொண்டு போனாங்கள், ஆள் திரும்பி வரேல்ல. சேட்டும் இத்துப்போச்சு. மாதா அவனைத் தேடிப் பாக்கட்டும் எண்டு அவவின்ர கண்ணில வைச்சனான்."

"மன்னிச்சிருங்க அன்ரி" என்றேன். என் கைகளின் மீது அவ்வளவு வெறுப்பு வந்தது.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"பரவாயில்லை பிள்ளை. அந்த நூலைத் தாங்கோ. நான் வைச்சிருக்கிறன்" என்று கையை நீட்டினார்.

குப்பை வண்டி வந்துபோய் மூன்று வாரம் ஆகியிருந்தது. சொன்னேன். அதன் பிறகும் அந்தக் கை கொஞ்ச நேரம் அப்படியே நீண்டிருந்தது.